அறிவு நகரத்திற்குச் செல்லும் தெரு

‘அறிவு நகரம்’ என்னும் சொல்லாட்சியை அண்மைக் காலத்தில் அரசு அறிக்கைகளிலும் நாளிதழ்களிலும் அடிக்கடி காண்கிறோம். பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் கணினி நிறுவனங்களும் ஓரிடத்தே திரண்டு, கற்றவர்களின் உழைப்பையே முதலாகக் கொண்டு வாழும் நகரத்திற்கு அப்பெயரை வழங்குகின்றனர். அதற்கு வேண்டிய வசதிகளாக நல்ல சாலை, மின்விளக்கு, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், போக்குவரத்து, நூலகம், மாணவர் விடுதி ஆகியவற்றை வரிசைப்படுத்துகின்றனர். இந்த வரிசையைப் படிக்கும் நம் சமுதாய இளைஞருக்கு ஒன்று விளங்கியிருக்க வேண்டும். இவற்றுள் பலவற்றைப் பெறுவதற்கு நம் முன்னோர் தனித்தனியே போராட நேர்ந்தது. கல்லூரியில் இடம் கேட்பதற்கு முன், அக்கல்லூரி இருக்கும் தெருவில் நடப்பதற்கே உரிமை கேட்டவர்கள் நாம். ஆதலின் அறிவு நகரத்தின் வரலாற்றைச் சேரியிலிருந்து எழுதினால் அது வேறு வகையாக அமையும்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். 1794ஆம் ஆண்டில் அங்கே நில அளவைப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1857இல் பல்கலைக்கழகம் எழுந்தது. 1896இல் எழும்பூரில் கன்னிமாரா பொது நூலகம் திறக்கப்பெற்றது. நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வளர்ச்சியில் நம் மக்கள் எங்கிருந்தனர் என்று கேட்டால், அந்நகரின் அச்சகத்தையும் அஞ்சல் நிலையத்தையும் முதலில் பயன்கொண்டனர் எனலாம். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை வெளியிட்டார். விலை அதன் பெயரிலேயே இருந்தது. அவ்விதழ் கோலார் தங்கவயல் வரையிலும், கடல் கடந்து இரங்கூன் வரையிலும் சென்று படிக்கப்பெற்றது. கல்லூரிக் கதவு அடைத்திருந்த காலத்தில் அஞ்சற்பெட்டி திறந்திருந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கியதும் இக்காலத்தில்தான்.

ஆயினும் பள்ளிக்குச் செல்லும் வழி? 1924ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எவ்வகுப்பினரும் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடங்கள் எல்லாவற்றையும் பிற வகுப்பினரைப் போலவே யாவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அரசு அதனை ஏற்று 1925இல் அரசிதழில் வெளியிட்டது. நகர வசதிகளைப் பற்றிப் பேசும் நூல்களில் இத்தீர்மானத்தை யாரும் குறிப்பிடுவதில்லை. சாலை போடுவது பொறியாளரின் வேலை. அச்சாலை எல்லோருக்கும் உரியது என்று எழுதி வாங்கியவர் ஒருவர் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் சாலை முழுமையாகிறது. (மராட்டிய மண்ணில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் மகாத்தின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் பருகியது 1927 மார்ச்சு 20. அந்நகரசபையும் அதற்கு முன்பே குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதி வைத்திருந்தது. எழுத்து வேறு, நீர் வேறு என்பதை அண்ணல் காட்ட வேண்டியிருந்தது.)

இனி நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திற்கு வருவோம். இதனை நாம் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். சிதம்பரத்தைப் பல்கலைக்கழக நகரம் என்று எல்லோரும் அறிவர். அண்ணாமலை அரசர் 1920இல் மீனாட்சி கல்லூரியை அங்கே நிறுவினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆனால் அவற்றுக்கும் முன்னதாக, 1916ஆம் ஆண்டிலேயே, அதே ஊரின் ஓமக்குளத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிவிட்டார். நந்தனார் தீயில் இறங்கியதாக மரபு சொல்லும் இடம் அது. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரின் பெயரால், அவர் மறைந்த இடத்திலேயே பள்ளி எழுந்தது.

சகஜானந்தரின் அருமை அவர் பள்ளி தொடங்கியதோடு முடியவில்லை. தங்குமிடமும் சோறும் சேர்ந்தாலன்றிப் பள்ளி நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். தொலைவிலுள்ள சேரிகளிலிருந்து வரும் பிள்ளைக்கு நகரத்தில் யார் வீடு கொடுப்பார்? எந்த உணவு விடுதியில் இலை போடுவார்கள்? கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் மாதந்தோறும் பணம் அனுப்புவது எங்ஙனம்? இக்கேள்விகளுக்கு விடையாக அமைந்தது விடுதி. படுக்க ஒரு பாய், உண்ண ஒரு தட்டு, படிக்க ஒரு விளக்கு ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு சிற்றூர்ப் பையன் நகரத்தின் குடிமகனாகிவிடுகிறான். சகஜானந்தர் பல்லாண்டுகள் சட்டமன்றத்தில் இருந்து வாதாடியவர், 1959இல் மறைந்தார். நந்தனார் பெயர் தாங்கிய அரசுப் பள்ளிகள் சிதம்பரத்தில் இன்றும் நடைபெறுகின்றன. ஆகவே சிதம்பரம் கல்வி நகரமானதன் வரலாற்றை 1929இலிருந்து தொடங்குவோர் பதின்மூன்று ஆண்டுகளை விட்டுவிடுகின்றனர் என்பது நம் கருத்து. அண்ணல் அவர்களும் இம்முறையையே மேற்கொண்டார். கல்வியில் பின்தங்கிய மரத்வாடாப் பகுதியின் ஔரங்காபாத்தில் அவர்தம் மக்கள் கல்விக் கழகம் 1950இல் கல்லூரி தொடங்கியது. அங்கும் விடுதி கல்லூரியின் உயிர்நாடியாக இருந்தது.

பெருநகரத்தின் இன்றைய கதைக்கு ஒரு பார்வை. சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திறக்கப்பெற்றது. பழைய மாமல்லபுரம் சாலை கணினி நிறுவனங்களின் சாலையாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், கூவக்கரையிலும் பிற நீர்நிலை ஓரங்களிலும் குடிசைகளில் வாழ்ந்த மக்கள் அச்சாலையை ஒட்டிய கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் நம் மக்கள் மிகுதி. தந்தையின் வேலையும் பிள்ளையின் பள்ளியும் நகரின் நடுவே நின்றுவிட்டன. படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகள் பலர். கண்ணாடி மாளிகைகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கின்றன. பள்ளியோ பேருந்து மாறிப் போகும் தூரத்தில். இதனையும் நகர வளர்ச்சி என்றே எழுதுகிறார்கள்.

கழிவுநீர்க் கால்வாயும் அறிவு நகரத்தின் வசதிகளுள் ஒன்று என்று தொடக்கத்தில் குறித்தோம். அதனுள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதில் இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2014இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்த்த வேண்டிய நிலை வந்ததே போதும்; விளக்கம் வேண்டியதில்லை.

வடக்கனந்தலுக்குத் திரும்புவோம். கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள நம் ஊருக்குத் தென்னார்க்காடு காலத்தில் மாவட்டத் தலைநகர் கடலூர். 1993 முதல் விழுப்புரம். 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி. ஒரு விடுதி மனு கொடுக்கவும் சாதிச் சான்றிதழ்த் தகராறு தீர்க்கவும் ஒரு நாள் கூலியை இழந்து கடலூர் போய் வந்த தலைமுறை நம்மிடையே இருக்கிறது. அலுவலகம் அருகில் வருவதும் ஒரு கல்வி வசதியே. 2022 சனவரியில் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. மலைமேல் நிலைமை இன்னும் தாமதமாக மாறியது. ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976இல் முடிந்த பின்னரே அங்கு அரசு நிருவாகம் முழுமையாகக் காலூன்றியது. வெள்ளிமலைப் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகள் கச்சிராயபாளையம் வழியே இறங்கிப் படிக்க வருகின்றனர். அவர்கள் பிடிக்கும் மாலைப் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பது அவர்களின் படிப்பைத் தீர்மானிக்கிறது. நம் சங்கம் கோரிக்கை எழுதும்போது மலைப் பிள்ளைகளின் பேருந்தையும் சேர்த்து எழுதுதல் வேண்டும்.

நூலகத்தைப் பற்றி ஒன்று. 1948ஆம் ஆண்டில் அவினாசிலிங்கம் அவர்கள் கல்வியமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் அரங்கநாதனின் நெடுநாள் முயற்சியின் பயன் அது. அவர் 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தவர். நூலகம் மக்களிடம் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. அச்சட்டத்தின்படி சொத்து வரியுடன் நூலக வரியும் தண்டப்படுகிறது. ஒரு ரூபாய்க்குப் பத்துக் காசு. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவைச் சேரும். மாளிகைக்காரரும் கட்டுகிறார், நம் தெருவின் ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். பேரூராட்சி அலுவலகத்தில் வரி கட்டி வரும் இளைஞர்கள் அந்தச் சீட்டை மடித்து வைக்குமுன் நூலக வரி எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். நம் தெருவின் மொத்தத் தொகையைக் கூட்டி, நூலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்ற கேள்வியுடன் சேர்த்து அடுத்த பொதுக்குழுவிற்குக் கொண்டுவரட்டும்.