தாயற்ற பிள்ளையின் பங்கு

பிள்ளைமீது பெற்றோருக்குள்ள அதிகாரம் எவ்வளவு? அதற்கு எல்லை எது? இவ்வினாக்களுக்கு யாழ்ப்பாணத் தமிழர் நெடுங்காலம் எழுதா வழக்கிலேயே விடை வைத்திருந்தனர். அவ்வழக்கே தேசவழமை எனப்படுவது.

ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ், அவ்வழக்கங்களைத் திரட்டி எழுதுமாறு பணித்தார். அப்பணியை ஏற்றவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை. யாழ்ப்பாண மக்களோடு 37 ஆண்டுகள் பழகியவர். 1707ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஒப்படைத்த தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டு, 12 முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஊர் வழக்கத்துக்கு அது மாறன்று என அவர்கள் சான்று பகர்ந்தனர். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் அதற்குச் சட்டவலிமை அளித்தது.

இத்தொகுப்பிலே பெற்றோரின் அதிகாரம் மிக வலியது. அவர்கள் உயிரோடிருக்கும்வரை மகன் எதனையும் உரிமையாகக் கேட்கலாகாது. மணமாகுமுன் அவன் உழைத்துத் தேடிய பொருள் யாவும் குடும்பத்தின் பொதுமுதலில் சேரவேண்டும். உடலில் அணிந்த பொன், வெள்ளி ஆபரணங்களுக்கு மட்டுமே விலக்குண்டு. மணஞ்செய்து வேறு வீடு புகுந்த பின்னரும் இவ்விதி மாறாது. இக்காலத்தார்க்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும், உடன்பிறந்தாளின் சீதனம் அப்பொதுமுதலிலிருந்தே எழவேண்டியிருந்தது என்பதையும் கருதுதல் வேண்டும்.

இத்துணை அதிகாரத்தைத் தந்தைக்கு அளித்த அதே வழமை, ஓரிடத்தில் அவன் கையைப் பிடித்து நிறுத்துகிறது. சிறு பிள்ளைகளை விட்டுத் தாய் இறந்தால், தந்தை மறுமணம் செய்யாதிருக்கும்வரை முதல் முழுவதும் அவன் வசமே இருக்கும். இரண்டாந்தாரம் கொள்ள அவன் எண்ணுவானாயின், பிள்ளைகளைப் பெரும்பாலும் பாட்டியோ நெருங்கிய உறவினரோ ஏற்றுக்கொள்வர். அப்பொழுது, இறந்த மனைவி கொண்டுவந்த சொத்து முழுவதையும், முதல் மணவாழ்வில் தேடிய தேட்டத்திற் பாதியையும் அவன் பிள்ளைகளோடு கொடுத்துவிடவேண்டும்.

இதன் காரணம் விளங்காததன்று. புதிய மனைவிக்கும் பிள்ளைகள் பிறப்பர். அவர்களுக்கும் சோறும் சீதனமும் வேண்டும். இரு தாரத்துப் பிள்ளைகளின் நலன்கள் மோதும்போது, இறந்தவளின் பிள்ளைக்காகப் பேச வீட்டில் எவரும் இரார். எனவே, மோதல் தோன்றுமுன்னரே வழமை பங்கைப் பிரித்துவைத்தது. தந்தையின் அன்பை அது ஐயுறவில்லை. அவ்வன்பை மட்டுமே பிள்ளையின் சொத்துக்குக் காவலாக வைக்கவுமில்லை.

ஒல்லாந்தரின் சொந்தச் சட்டமும் இதே கவலையைக் கொண்டிருந்தது. வாழ்க்கைத்துணையை இழந்த ஒருவர் மறுமணம் புரியுமுன், பிள்ளைகளின் பங்கை வரையறுத்துக் காட்டவேண்டும். அநாதைப் பிள்ளைகளின் சொத்தைப் பேணுவதற்கெனத் தனிச் சபையும் அவர்களிடம் இருந்தது. தொலைவிலுள்ள இரு நாட்டார் ஒரே இடரைக் கண்டு, ஒத்த வழியைக் கைக்கொண்டமை நோக்கத்தக்கது.

பிற்காலத்தில் இளவரின் நிலை படிப்படியாக மாறிற்று. ரோம ஒல்லாந்தச் சட்டத்தின்படி 25 ஆக இருந்த பராயம், 1865ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் 21 ஆயிற்று. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் 18 ஆகக் குறைந்தது. தேசவழமையின் சொத்து விதிகள் பலவற்றை 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் திருத்தியமைத்தது. பிள்ளையின் நலனே முதன்மையாகக் கருதப்படவேண்டும் என்னும் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்று உறுதிசெய்தது.

சொற்கள் புதியனவாயினும் கருத்து முற்றிலும் புதியதன்று. பெற்றோரின் அதிகாரம் பிள்ளையின் பொருட்டு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. அப்பொறுப்பு தளரக்கூடிய வேளையில், தாயற்ற பிள்ளையின் பங்கை வேறாக எடுத்துவைத்த அப்பழைய வழமை, இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தது.