கைலாசபுரம்: மேட்டாங்காட்டில் முளைத்த ஊர்

நீங்க திருச்சியில பஸ் ஏறி தஞ்சாவூர் பக்கம் போயிருந்தா கைலாசபுரத்தை ஒட்டித்தான் போயிருப்பீங்க. ஆனா அந்தப் பேரை யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீங்க. கண்டக்டர் "பெல், பெல்"னு சத்தம் போடுவார். எங்க ஊர்ப் பெரியவங்களுக்கு அது இன்னைக்கும் "பாய்லர் பிளான்ட்". கைலாசபுரம்ங்கிற பேர் தபால் விலாசத்துலதான் பத்திரமா இருக்கு: கைலாசபுரம், திருச்சி 14.

போன பொங்கலுக்குப் பெரியப்பா பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். சூரியூர் ஜல்லிக்கட்டு பார்த்துட்டு வண்டியில திரும்பி வர்றோம். டவுன்ஷிப் மரங்களைப் பார்த்துக்கிட்டே வந்தவன் கேட்டான்: "ஃபேக்டரி வர்றதுக்கு முன்னாடி இங்க ஒண்ணுமே இல்லையா சித்தப்பா?"

"ஒண்ணுமில்லாத பொட்டல்"னுதான் எல்லாரும் சொல்றாங்க. பெரியப்பாவும் அப்படித்தான் சொல்லுவார். அந்தப் பொட்டல்ல எங்க தாத்தாவுக்கு மூணு ஏக்கர் இருந்துச்சு. அதனால இதை எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

முதல்ல நிலத்தோட அமைப்பு. திருவெறும்பூர் பக்கம் தஞ்சாவூர் ரோடு கிட்டத்தட்ட ஒரு எல்லைக்கோடு மாதிரி. ரோட்டுக்கு வடக்கே நிலம் காவிரியைப் பார்த்து இறங்கும். கூத்தைப்பார், கிருஷ்ணசமுத்திரம், பத்தாளப்பேட்டை, கிளியூர்னு நெல்லும் வாழையுமா நஞ்சை ஊர்கள். அப்படியே போனா கல்லணை. ரோட்டுக்குத் தெற்கே மேடு. கல்லும் சரளையும் கலந்த செம்மண். மழை பெஞ்சா கம்பு, சோளம், கடலை, துவரை. பெய்யலைன்னா ஆடு மாடு. நாங்க அதை மேட்டாங்காடுன்னு சொல்லுவோம்.

நஞ்சைக்குத் தண்ணி உய்யக்கொண்டான்ல வரும். சோழர் காலத்து வாய்க்கால், ராஜராஜனோட பட்டப்பெயரைத் தாங்கி நிக்குது. பேட்டைவாய்த்தலையில காவிரியிலிருந்து பிரிஞ்சு, திருச்சி ஊருக்குள்ள நுழைஞ்சு வெளியே வந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரைக்கும் சுமார் 70 கிலோமீட்டர் ஓடுது. 32,000 ஏக்கருக்கு மேல பாசனம். கடைமடைக்காரங்க நாங்க. தலைமடைக்காரன் குடிச்ச மிச்சம்தான் எங்களுக்கு. இப்போ அதோட திருச்சி ஊரோட சாக்கடையும் சேர்ந்து வருது, அது தனிக்கதை. (வாழவந்தான்கோட்டைன்னு பேர் வச்ச புண்ணியவானுக்குத் தெரிஞ்சிருக்காது, இலங்கையில போர் நடந்தப்போ உயிர் பிழைச்சு வந்த சனங்களுக்கு அங்கேயே முகாம் அமையும்னு.)

ஊரும் ஒண்ணும் புதுசு இல்ல. திருவெறும்பூர் மலைக்கோயில் எறும்பீஸ்வரர், அப்பர் பாடின சாமி. சுமார் 60 அடி உயரப் பாறை மேல கோயில். முதலாம் ஆதித்த சோழன் காலத்துல செம்பியன் வேதிவேளான்ங்கிறவர் அதைக் கல்கோயிலா எடுத்தார்னு கல்வெட்டு இருக்கு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு. 1752-ல கர்நாடகப் போர் நடந்தப்போ இந்தப் பாறை பிரெஞ்சுக்காரங்க கையிலயும் இங்கிலீஷ்காரங்க கையிலயும் மாறி மாறி இருந்துச்சு. இங்கிலீஷ்காரன் எழுதின சரித்திரத்துல இது 'எலிமிசேரம்'. எறும்பு எலியாயிடுச்சு.

1860-கள்ல நாகப்பட்டினத்துலேருந்து திருச்சிக்கு ரயில் வந்துச்சு. 1920-கள் கடைசியில நாகப்பட்டினத்து ரயில்வே பட்டறை பொன்மலைக்கு மாறுச்சு. எங்க பக்கத்து ஆளுங்க சங்குச் சத்தத்துக்கு வேலைக்குப் போகப் பழகினது அப்போதான். ஆனா பொன்மலை திருச்சியோட ஒட்டிக்கிட்ட ஊர். கிராமங்களை அது அவ்வளவா அசைக்கல.

அசைச்சது 1964, 65, 66. அந்த மூணு வருஷத்துல மூணு வந்துச்சு. 1964-ல துவாக்குடி பக்கம் ஆர்.இ.சி. இன்ஜினியரிங் காலேஜ் (2003-லேருந்து என்.ஐ.டி.), 1965-ல பெல் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை, 1966-ல நவல்பட்டு பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலை. இடம் தேர்ந்தெடுத்ததைப் பத்தி எங்க டீக்கடைகள்ல ஒரு கதை உண்டு. செக்கோஸ்லோவாகியா இன்ஜினியருங்க ஊர் ஊரா அலைஞ்சு இடம் சரியில்லைன்னு உதட்டைப் பிதுக்கினாங்களாம். காமராஜர், "என்னய்யா வேணும்? தண்ணி, கரண்டு, ரயிலு, நல்ல தரை, அவ்வளவுதானே? திருவெறும்பூர்ல பார்த்தியா?"ன்னு கேட்டாராம். கதை கதையாவே இருக்கட்டும். நிலத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். வடக்கே காவிரி, நடுவுல ரோடும் ரயிலும், தெற்கே எத்தனை டன் இரும்பை வச்சாலும் அமுங்காத தரை. நாடே அரிசிக்குத் திண்டாடின காலம் அது. நஞ்சையைத் தொடாம மேட்டை எடுத்தாங்க. என்னைக் கேட்டா, அது அறிவுள்ள முடிவு.

தாத்தாவோட மூணு ஏக்கர் அதுல போச்சு. "கம்பு விளையுற காட்டுக்குக் காசு குடுக்கறானே"ன்னு அவருக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். வந்த பணத்துல வடக்கே அரை ஏக்கர் நஞ்சை வாங்கினார், ஒரு ஜோடி மாடும் வாங்கினார். அப்பாயிதான் ரொம்ப நாள் புலம்பிக்கிட்டே இருந்துச்சு. மேடுங்கிறது கம்பு மட்டும் இல்லையே. ஊர் மாடெல்லாம் மேஞ்ச இடம், விறகு பொறுக்கின இடம். மழை பெஞ்சா அந்த மேட்டுத் தண்ணி ஓடையா இறங்கித்தான் கீழே குளம் குட்டையெல்லாம் ரொம்பும். ஆத்துத் தண்ணி தாமதமானாலும் நாத்து விட அந்தத் தண்ணி கை குடுக்கும். இதெல்லாம் பட்டாவுல வராது. அதனால கணக்குலயும் வரல.

அப்புறம் அதே அப்பாயி காலையில தயிர்ப்பானையும் கீரைக்கட்டுமா குவார்ட்டர்ஸ்க்கு நடக்க ஆரம்பிச்சுச்சு. ஏ செக்டார், பி செக்டார், சி செக்டார்னு எழுத்து தெரியாத கிழவிக்கு இங்கிலீஷ் எழுத்து அத்துப்படி. மலையாளத்து வீட்ல மோருக்கு என்ன பேரு, தெலுங்கு வீட்ல கீரைக்கு என்ன பேருன்னு எங்களுக்கு வந்து சொல்லும். அளந்து போட்ட ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம்னு எங்களைச் சுத்தி யாரும் பார்த்திராத ஊர். அங்கே பிளான்ட் சங்கு ஊதினா இங்கே களையெடுக்கிற பொம்பளைங்க நிமிர்ந்து, "மணியாயிடுச்சுடி"ம்பாங்க.

பெரியப்பா உதவியாளா உள்ளே போய் வெல்டர் ஆனார். எண்ணூர் அனல்மின் நிலையத்து 60 மெகாவாட் கொதிகலன் இங்கே செஞ்சதுன்னு சொல்லும்போது, ஏதோ அவரே தலையில தூக்கிட்டுப் போய் வச்சிட்டு வந்த மாதிரி இருக்கும். அப்பா ஏர் பிடிச்சார், பெரியப்பா குவார்ட்டர்ஸ்க்குப் போனார். தீபாவளிக்கு போனஸ் வந்ததும் எங்களுக்கும் சேர்த்துத் துணி எடுப்பார். அறுப்பு முடிஞ்சதும் எங்க வீட்லேருந்து அவர் வீட்டுக்கு நெல் மூட்டை போகும்.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயம். ஃபேக்டரி வந்ததால கிராமம் அழிஞ்சுதுன்னு பொதுவாச் சொல்லுவாங்க. நான் கண்ணால பார்த்தது வேற மாதிரி. ஃபேக்டரி வந்து முப்பது வருஷம் வரைக்கும் வடக்கு நஞ்சைக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னா வேலைக்கு வந்த சனம் எல்லாம் மேட்டுலயே குவார்ட்டர்ஸ்ல இருந்துச்சு. ஆனா கைலாசபுரத்துல ஒரு விசித்திரம் இருக்கு. அங்கே யாருக்கும் சொந்த வீடு கிடையாது. வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. 58 வயசானா, 1998-க்கு அப்புறம் 60 ஆனா, சாவியைக் குடுத்துட்டு வெளியே வந்துடணும். அறுபதுகள்ல இருபது, இருபத்தஞ்சு வயசுல சேர்ந்தவங்க எல்லாம் தொண்ணூறுகள் கடைசியிலயும் இரண்டாயிரத்துத் தொடக்கத்துலயும் மொத்த மொத்தமா ஓய்வு பெற்றாங்க. கையில பி.எஃப்., கிராஜுவிட்டி. முப்பத்தஞ்சு வருஷம் இருந்த இடத்தை விட்டுத் தூரமாப் போக மனசு வராது. எங்கே போவாங்க? காட்டூர், திருவெறும்பூர், நவல்பட்டு, கூத்தைப்பார், துவாக்குடி. மேட்டுல இடம் தீர்ந்ததும் பள்ளத்துல இறங்கினாங்க. வயல்ல கல்லு நட்டு, கலர்க்கொடி கட்டி, பேருக்குப் பின்னாடி 'நகர்'னு போட்டா மனை ரெடி.

இந்தப் பக்கம் நெல் விலையும் அப்படித்தான் இருந்துச்சு. காவிரித் தண்ணி வராத வருஷங்களும் வந்துச்சு. வித்தவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன். பொண்ணு கல்யாணத்துக்கு வித்தவன், கடனுக்கு வித்தவன், பக்கத்து வயல்காரன் வித்ததால தண்ணி வராம வித்தவன். மூணாவது ரகம்தான் ஜாஸ்தி. நஞ்சைங்கிறது சங்கிலி மாதிரி. நடுவுல ஒரு வயல் மனையானா அதுக்குக் கீழே இருக்கிற பத்து வயலுக்கு வாய்க்கால் அறுந்துடும்.

பெரியப்பா 2002-ல ஓய்வு பெற்றார். எங்கே வீடு கட்டினார் தெரியுமா? தாத்தா மேட்டுக்காட்டுப் பணத்துல வாங்கின அந்த அரை ஏக்கர் நஞ்சையில. பாகம் பிரிச்சப்போ அது அவர் பங்குக்குப் போயிருந்துச்சு. லாரி லாரியா கிராவல் கொட்டி நாலடி உசத்தி மாடி வீடு கட்டினார். அவர் மனைக்குக் கீழே எங்க வயல். அப்பாவுக்குக் கோபம்தான், ஆனா அண்ணன்கிட்ட எப்படிக் கேட்பார்? பெரியப்பாவே புரிஞ்சுக்கிட்டு, கிராவல் கொட்டுறதுக்கு முன்னாடி அடியில சிமெண்ட் குழாய் பதிச்சு வாய்க்காலைப் பொருத்தி விட்டார். "கொதிகலனுக்கே குழாய் வச்சவன்டா நான், உன் வயலுக்கு வைக்க மாட்டேனா?"ன்னார். 2005 நவம்பர் வெள்ளத்துல உய்யக்கொண்டான் பொங்கினப்போ சுத்தி இருந்த நகரெல்லாம் முழங்கால் தண்ணி. அந்தக் குழாய் இருந்ததால அவர் வீட்டுப் பக்கம் மட்டும் சீக்கிரம் வடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் பக்கத்து மனைக்காரங்க சிலபேரும் வந்து குழாயைக் குனிஞ்சு பார்த்துட்டுப் போனாங்க.

அதுக்கப்புறம் நடந்ததைச் சீக்கிரமாச் சொல்லிடறேன். பெல்லுக்கு உதிரி வேலை செஞ்சுக் குடுக்கிற பட்டறைங்க துவாக்குடி சிட்கோவுலயும் சுத்துவட்டாரத்துலயும் நூத்துக்கணக்குல பெருகிச்சு. எங்க பசங்க ஐ.டி.ஐ. முடிச்சு அங்கே வெல்டர், ஃபிட்டர் ஆனாங்க. 2011-ல திருவெறும்பூர் பேரூராட்சி திருச்சி மாநகராட்சியில சேர்ந்துச்சு. அதே சமயத்துலதான் நிலக்கரி மின்நிலைய ஆர்டர்கள் குறைய ஆரம்பிச்சு, பத்து வருஷத்துல பல பட்டறைங்க பூட்டு போட்டுச்சு. வெல்டிங் கத்துக்கிட்ட பையனுங்க சிங்கப்பூர், குவைத்னு போனாங்க. நாத்து நடத் தெரிஞ்ச ஆளும் இல்ல, வெல்டிங் வேலையும் இல்ல. தஞ்சாவூர் ரோடு நாலுவழியாச்சு. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரைக்கும் சர்வீஸ் ரோடு கேட்டு வருஷக்கணக்கா மனு, போராட்டம். நாற்கரச் சாலையைக் குறுக்கே தாண்டி மாட்டை ஓட்டிக்கிட்டுப் போய்ப் பாருங்க, எதுக்குக் கேக்கறாங்கன்னு புரியும்.

கைலாசபுரத்துல ஆள் குறைஞ்சு பல குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கு. வேடிக்கை என்னன்னா, மரமே இல்லாத மேடுன்னு எடுத்த இடம்தான் இப்போ இந்தச் சுத்துவட்டாரத்துலயே பெரிய காடு. வேம்பும் புங்கனும் அப்படி நிக்குது. அங்கே பெருகின மயிலுங்க ரோட்டைத் தாண்டி வந்து என் நெல்லைத் தின்னுது. பொட்டலா இருந்தப்போ இந்தத் தொல்லை இல்லைன்னு அப்பா சிரிப்பார்.

பெரியப்பா போய் நாலு வருஷம் ஆச்சு. இருந்த வரைக்கும் ஒவ்வொரு ஜூன்லயும் மேட்டூர் திறக்கிற சேதி வந்ததும் கம்பியை வளைச்சு எடுத்துக்கிட்டு வந்து குழாயைக் குத்திச் சுத்தம் பண்ணுவார். வீடு இப்போ பூட்டிக் கிடக்கு. அண்ணன் அதை விக்கலாம்னு இருக்கார். பார்க்க வந்த ரெண்டு பேரும் கேட்ட முதல் கேள்வி, "அடியில போற குழாயை அடைச்சிடலாம்ல?"

பேரன்கிட்ட இதைச் சொன்னேன். மறுநாள் காலையில அவனே லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து நின்னான். ரெண்டு பேருமா தாத்தாவோட அந்தக் கம்பியை விட்டு இழுத்தோம். ஒரு கூடை பிளாஸ்டிக் பை, ஒரு செருப்பு, ஒரு ரப்பர் பந்து. கிரயப் பத்திரத்துல குழாய்க்கு வழி உண்டுன்னு ஒரு வரி எழுதச் சொல்லி அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "பார்க்கலாம்டா, அப்படி எழுதினா விலை குறையும்கறான்"னார். எவ்வளவு குறையும்னு கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கேன்.