இன்ஃபுளுவென்சா தடுப்பூசித் தயாரிப்புப் பயிற்சி: இந்திய வரலாறு

மற்றத் தடுப்பூசிகளின் செய்முறையை ஒருமுறை கற்றுக்கொண்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. இன்ஃபுளுவென்சா அப்படி விடுவதில்லை. வைரஸ் தன் மேற்பரப்பை மாற்றிக்கொண்டே இருப்பதால், ஊசியில் எந்த வகைகள் இருக்கவேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும் அறிவிக்கிறது. அதன்பின் சுமார் ஆறு மாதங்களில் மருந்து வெளிவரவேண்டும். அந்த அவசரத்தில் தொழிற்சாலையைக் காப்பாற்றுவது கை பழகிய ஆட்கள்தான்.

பழகவேண்டியது முதலில் முட்டை. ஒன்பது முதல் பதினோரு நாள் வரை அடைகாத்த கோழிமுட்டையை விளக்கொளியில் பிடித்து, கரு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஓட்டில் துளையிட்டு வைரஸ் விதையைச் செலுத்தி, இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பில் வைத்து, பிறகு குளிரவைத்துக் கருவைச் சூழ்ந்த நீரை உறிஞ்சி எடுப்பார்கள். அதிவேகச் சுழல்கருவியில் சுத்தம் செய்து, ஃபார்மலினோ வேறு ரசாயனமோ சேர்த்து வைரஸைக் கொல்வது அடுத்த கட்டம். ஒரு முட்டையில் நோய்க்கிருமி புகுந்தால் அந்தத் தொகுதியே வீணாகலாம். புத்தகத்தில் படித்தவருக்கும் பத்தாயிரம் முட்டைகளைக் கையாண்டவருக்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரியும்.

தென்னிந்தியாவில் இந்தக் கதை குன்னூரிலிருந்து தொடங்குகிறது. வெறிநாய்க்கடி மருந்துக்காக 1907இல் திறக்கப்பட்ட பாஸ்டர் நிலையம் பின்னாளில் இன்ஃபுளுவென்சா ஆய்வு மையத்துக்கும் இடம் தந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்திறங்கிய 'ஆசியக் காய்ச்சல்' நாடெங்கும் பரவியபோது, குன்னூர் மையம் வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. 1958 பிப்ரவரி வரை பதிவானவர்கள் ஏறக்குறைய 44.5 லட்சம் பேர். வைரஸைக் கண்டுபிடிக்கும் ஆட்கள் அப்போதே இருந்தார்கள். கோடிக்கணக்கில் ஊசி செய்யும் ஆட்கள் உருவாக அரை நூற்றாண்டு பிடித்தது.

இடையில் ஒரு சறுக்கலும் உண்டு. நல்ல உற்பத்தி நெறிமுறைகளைப் பின்பற்றவில்லை என்று 2008 ஜனவரியில் குன்னூர், கசௌலி, கிண்டி ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசி நிலையங்களின் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2010இல்தான் தடை விலகியது. பழுத்த அனுபவம் இருந்தாலும், அறையின் காற்றழுத்தம் முதல் பதிவேட்டின் கையெழுத்து வரை புதிய ஒழுங்கில் பழகாவிட்டால் அது செல்லாக்காசாகிவிடுகிறது.

பறவைக் காய்ச்சல் பயமுறுத்திய 2006இல் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய இன்ஃபுளுவென்சா தடுப்பூசிச் செயல்திட்டத்தை அறிவித்தது. அதுவரை தடுப்பூசியில் பெரும்பங்கு பணக்கார நாடுகளிலேயே தயாரானது. காலப்போக்கில் இந்தியா, இந்தோனேசியா, வியட்நாம், பிரேசில், செர்பியா உள்ளிட்ட 14 நாடுகளின் தயாரிப்பாளர்களுக்கு உதவி கிடைத்தது. பணத்தோடு பயிற்சியும் வந்தது. நெதர்லாந்தின் பில்தோவன் நகரத் தடுப்பூசி நிலையம் முட்டைவழி முறையைக் கற்பித்தது. அமெரிக்க அரசின் உயிரிமருத்துவ மேம்பாட்டு அமைப்பான பார்டாவின் நிதியில், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகமும் வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்கு உற்பத்திப் பயிற்சி அளித்தன.

இந்தியாவில் இந்த உதவியால் பலன் கண்டது புணேயின் சீரம் நிறுவனம். ரஷ்யாவில் உருவான வலுக்குறைத்த வைரஸை அடிப்படையாகக் கொண்டு, மூக்கில் தெளிக்கும் 'நாசோவாக்' மருந்தை 2010இல் பன்றிக் காய்ச்சலுக்கு எதிராக அது வெளியிட்டது. அந்த அடிப்படை வைரஸின் மூலம் 1957இல் லெனின்கிராடில் பிரிக்கப்பட்ட அதே ஆசியக் காய்ச்சல் வகை! சென்னையில் இறங்கிய கிருமியின் உறவுக்காரன் 53 ஆண்டுகள் கழித்துப் புணேயில் மருந்தானான். ஒரே முட்டையிலிருந்து ஊசிமருந்தைவிடப் பல மடங்கு அளவு கிடைத்ததால்தான் இந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் சைடஸ் காடிலாவும் பாரத் பயோடெக்கும் தங்கள் ஊசிகளைக் கொண்டுவந்தன. பாரத் பயோடெக் முட்டையைத் தவிர்த்துச் செல்வளர்ப்பை நாடியது.

நாட்டில் உற்பத்தி தொடங்கினாலும், அந்தமான் நிகோபார் தீவுகளில் தடுப்பூசித் தொழிற்சாலை இல்லை. சென்னையிலிருந்து கடல்வழி சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள். இன்ஃபுளுவென்சா மருந்து முழுவதும் 2 முதல் 8 டிகிரி குளிரில், நிலப்பகுதியிலிருந்து வந்தாகவேண்டும். தேவையோ பெரிது: வெளியாரின் நோய்க்குப் பழகாத பழங்குடிகள் வாழும் இடம் இது. 1877இல் தட்டம்மை பரவியபோது பெரும் அந்தமானியர் ஏராளமானோர் மாண்டனர். 1999இல் ஜாரவா மக்களிடமும் தட்டம்மை புகுந்தது. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) 1983இல் நிறுவப்பட்ட வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையம் எலிக்காய்ச்சல் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாக விளங்கியது, இன்ஃபுளுவென்சாவையும் ஆராய்ந்தது. இத்தகைய ஆய்வகங்களில் தொண்டைச்சளி மாதிரியைச் சரியாகப் பிரித்தறியப் பழகியவர்களும் தயாரிப்புச் சங்கிலியில் சேர்ந்தவர்களே, அவர்களை யாரும் தயாரிப்பாளர் என்று அழைக்காவிட்டாலும். இந்தியாவின் பல பகுதிகளில் காய்ச்சல் ஏறுவது மழைக்காலத்தில். அதனால் வடகோள ஊசியா, தென்கோள ஊசியா என்ற கேள்விக்கு உள்ளூர்த் தரவு இல்லாமல் பதில் சொல்லமுடியாது.

கோவிட் காலத்துக்குப் பிறகு பயிற்சியின் முகம் மாறியது. 2022 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் தென் கொரியாவை உலக உயிரி உற்பத்திப் பயிற்சி மையமாக அறிவித்தது. அதே ஆண்டில், தென்னாப்பிரிக்காவில் அமைந்த எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசித் தொழில்நுட்ப மையத்திடமிருந்து அந்த நுட்பத்தைப் பெற ஹைதராபாதின் பயாலஜிக்கல் ஈ நிறுவனம் தேர்வானது. இம்முறையில் முட்டையே தேவையில்லை.