தரிசில் முளைத்த பெயர்கள்

முசரவாக்கத்தில் ஏரிக்கரை தாண்டி ஒரு கல்லு மேடு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், "ஆயா, இது என்ன நிலம்?" என்று கேட்டேன். "தரிசுப்பா, ஒண்ணும் வெளையாது" என்றார். இரண்டடி நடந்ததும் அவரே சொன்னார்: "இது ஆவாரை. அது துத்தி. அங்க எருக்கு. காலப் பாத்து வையி, நெருஞ்சி." ஒன்றும் விளையாத நிலத்தில் ஒரே மூச்சில் நான்கு பெயர்கள். இந்த முரண்தான் என்னை இதை எழுத வைத்தது.

செடிகளின் பெயர்கள் புழக்கத்திலிருந்து வந்தவை: மருந்துக்கு, தீவனத்துக்கு, விறகுக்கு. 'தரிசு' கணக்கிலிருந்து வந்த பெயர். ஏர் படவில்லை, தீர்வை வரவில்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. அங்கே என்ன இருக்கிறது, யார் அதைப் பறிக்கிறார்கள் என்பதை அது சொல்வதே இல்லை.

ஆவாரையையே எடுத்துக்கொள்வோம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களில் 'ஆவிரை'யும் ஒன்று. சங்கத் தலைவன் மடலேறும்போது எருக்கோடும் பூளையோடும் இதையும் சூடுகிறான். ஊர் நடுவே நாணத்தை விட்டவனுக்கு மேட்டு நிலத்துப் பூதான் மாலை. 1753இல் லின்னேயஸ் இலைக்காம்படியில் இருக்கும் காது போன்ற செதிலைப் பார்த்து 'ஆரிகுலாட்டா' என்று பெயர் வைத்தார். தெலுங்கில் இது தங்கேடு. பதுகம்மாவில் அடுக்கப்படும் பூ, இன்று தெலங்கானாவின் மாநில மலர். நமக்கோ, 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழி. அதை அச்சிட்டு ஆவாரம்பூத் தூளைப் பொட்டலமாக விற்கிறார்கள்.

ஆங்கிலப் பெயர் வேறொன்றைச் சொல்கிறது: 'டேனர்ஸ் காசியா', தோல் பதனிடுபவரின் செடி. ஆவாரம்பட்டையில் துவர்ப்புச் சத்து அதிகம். குச்சிகளை வெட்டிப் பட்டையை உரித்து, காய வைத்து, இடித்து, தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டால் தோல் பதப்படும். சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பலேறிய தோல்கள் இந்தப் பட்டையில் ஊறியவைதான். பிறகு தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது, குரோமியம் வந்தது, பாலாறு கெட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கு தெரிந்ததே. ஆவாரை இருந்த காலத்திலும் தொட்டியில் கை வைத்தவர் எந்தச் சாதியார் என்று சொல்ல வேண்டியதில்லை. நமது பழமொழியில் நோயாளிக்கு இடமுண்டு; தோல் ஊற வைத்த தொழிலாளிக்கு இல்லை. அவனை நினைவில் வைத்த பெயர் காலனியக்காரனுடையது. அவனுக்கு வேண்டியது சரக்கு. நன்றி என்று மயங்க வேண்டாம்.

இனி, தரிசு. முசரவாக்கம் இருக்கும் காஞ்சிபுரம் வட்டம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. மிராசு முறை வேரோடியிருந்த மாவட்டம். பயிரிட்ட நிலம் மட்டுமல்ல, ஊர்த் தரிசும் தங்களுக்கே முன்னுரிமை என்றார்கள் மிராசுதாரர்கள். ஒரு பறையர் தரிசுக்குத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாரர் மறித்துவிடலாம். 'ஒன்றும் விளையாத' நிலத்தை ஏன் இவ்வளவு மூர்க்கமாகக் காக்க வேண்டும்? காணி கிடைத்துவிட்டால் பண்ணையாள் கூலிக்கு வர மாட்டான். இவ்வளவுதான் ரகசியம்.

மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. ஒதுக்கப்பட்ட தரிசுகளே பிற்பாடு பஞ்சமி நிலம் எனப்பட்டன. அவற்றை ஒடுக்கப்பட்ட சாதியார் அல்லாதவருக்குக் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. அப்படியும் கைமாறின. மாமல்லபுரம் அருகே காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள்.

ஆக, தரிசு என்பது மண்ணின் குணம் அல்ல. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரச் சொல். எதுவும் இல்லை என்று எழுதிவிட்டால், அங்கே புழங்கியவர்களும் இல்லை என்றாகிவிடுகிறது. தொழிற்பேட்டைக்கு எடுக்கும்போதும் இதே சொல்தான் கைகொடுக்கிறது.

பஞ்சமி நிலத்துக்குப் பழைய 'அ' பதிவேட்டைத் தேடும் தோழர்கள் இன்னொரு பதிவேட்டையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து. இந்த மேட்டில் என்னென்ன செடி, ஊரில் அதற்கு என்ன பேர், யார் பறித்தார்கள், எதற்கு, எப்போது நிறுத்தினார்கள், யார் வேலி போட்டார்கள். நீதிமன்றத்தில் இது செல்லுமா என்பது வேறு கேள்வி. ஊருக்குள் பேச இது போதும்.

கிளம்பும்போது ஆயாவிடம், "இவ்ளோ பேர் சொன்னீங்களே, அப்புறம் ஏன் ஒண்ணும் வெளையாதுன்னீங்க?" என்று கேட்டேன்.

"கணக்குல அப்படித்தான எழுதிகீறாங்க" என்றார்.