யார் வளையணும்? - ஒரு ஏர்லைன் ஒப்பந்தக் கதை

ரெண்டு வாரம் முன்னாடி எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. வேலை ஒப்பந்தத்துல புதுசா ஒரு ஷரத்து சேர்க்கறாங்களாம். படிச்சுட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை அமுக்கணுமாம். விஷயம் இவ்வளவுதான்: ஆபரேஷனல் ஃப்ளெக்ஸிபிலிட்டி கருதி ஷிஃப்ட், ப்ராஜெக்ட், ஊர் மூணையும் கம்பெனி தேவைப்படும்போது மாத்திக்கலாம். பக்கத்து சீட் நண்பன் படிக்காமலே அமுக்கிட்டான். "ஏற்கெனவே அப்படித்தானேடா நடக்குது, எழுத்துல வந்தா மட்டும் என்ன?"ன்னு கேட்டான். எனக்கு சட்டுன்னு பதில் வரலை.

ஆனா அந்தச் சொல் எனக்குப் பழக்கமான சொல். விமானக் கிறுக்கு சின்ன வயசுலேர்ந்தே உண்டு. அமெரிக்க ஏர்லைன்களுக்கும் பைலட் யூனியன்களுக்கும் நடந்த சண்டைகளைப் படிச்சா இந்த 'ஃப்ளெக்ஸிபிலிட்டி' ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். நண்பன் கேட்ட கேள்விக்கு அங்கே தொண்ணூறு வருஷமா பதில் எழுதிட்டு இருக்காங்க. அதைத்தான் இங்கே சொல்லப் போறேன். (கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்துடுங்க.)

1930களின் தொடக்கத்தில் அமெரிக்க பைலட்டுகளின் சம்பளத்தில் எத்தனை மைல் பறந்தாங்க என்பதும் ஒரு கணக்கு. 1933ல் போயிங் 247 வந்தது. பழைய விமானங்களைவிட நல்ல வேகம். அதே ஒரு மணி நேரத்தில் அதிக மைல், அதனால் பைலட்டுக்கு அதிகக் காசு. முதலாளிகளுக்கு வயிறு எரிஞ்சது. இனிமே மணிக்கணக்குதான் என்றார்கள். டேவிட் பென்கே என்ற பைலட் 1931ல் ஆரம்பிச்ச யூனியன், வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டியது. பஞ்சாயத்து ரூஸ்வெல்ட் அரசாங்கத்தின் தேசிய தொழிலாளர் வாரியத்துக்குப் போச்சு. 1934 மே மாதம் வந்த தீர்ப்புக்கு எண் 83. அடிப்படைச் சம்பளம், மணிக்கணக்கு, மைல் கணக்கு மூணும் கலந்த ஒரு ஃபார்முலா கொடுத்தாங்க. அதோட மாசத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று ஒரு வரம்பு.

அந்த 85ஐ ஞாபகம் வெச்சுக்கங்க. இந்தக் கதை முழுக்க எண்களாத்தான் வரப் போகுது.

1936ல் இன்னொரு முக்கியமான விஷயம் நடந்தது. ரயில்வே ஊழியர்களுக்கு இருந்த தொழில் சட்டத்தை ஏர்லைன்களுக்கும் நீட்டினாங்க. அந்தச் சட்டத்தில் ஒரு அழகு என்னன்னா, ஒப்பந்தம் காலாவதியே ஆகாது. குறிச்ச தேதி வந்ததும் 'திருத்தத்தக்கது' ஆகும், அவ்வளவுதான். புது ஒப்பந்தம் வரைக்கும் பழையதுதான் செல்லும். பேச்சுவார்த்தை வருஷக்கணக்கில் இழுத்தாலும் அப்படித்தான். ஒரு தரப்பு நினைச்ச நேரத்துல எதையும் தன்னிஷ்டத்துக்கு மாத்த முடியாது.

இந்தக் கட்டடம் நாற்பது வருஷத்துக்கு மேல நின்னதுக்குக் காரணம் யூனியனோட பலம் மட்டும் இல்லை. டிக்கெட் விலையை அரசு வாரியமே நிர்ணயிச்சது. செலவு ஏறினா விலையும் ஏறும், பயணி கொடுத்துடுவார். முதலாளிக்கு என்ன கவலை? 1978 அக்டோபரில் கார்ட்டர் கையெழுத்து போட்ட சட்டம் அந்த ஏற்பாட்டை முடிச்சு வெச்சது. எந்த ஊருக்கும் பறக்கலாம், எந்த விலைக்கும் விற்கலாம். யூனியனே இல்லாத புது ஏர்லைன்கள் முளைச்சது. அதுல பீப்பிள் எக்ஸ்பிரஸ் தமாஷான கம்பெனி. 1981ல் நியூவார்க்கில் ஆரம்பிச்சாங்க. எல்லாருக்கும் 'மேனேஜர்' பட்டம், எல்லாரும் கம்பெனி ஷேர் வாங்கணும், பைலட்டும் பறக்காத நேரத்தில் ஆபீஸ் வேலை பார்க்கணும். (நம்ம ஸ்டார்ட்-அப் மக்களுக்கு எங்கேயோ கேட்ட குரலா இருக்குமே!) ஆறே வருஷத்தில் ஆட்டம் முடிஞ்சு, 1987ல் கான்டினென்டலில் கரைஞ்சு போனது.

அந்த கான்டினென்டல்தான் நம்ம கதையின் நடுப்பகுதி.

ஃபிராங்க் லொரென்ஸோ என்பவர் கைக்கு 1980களின் தொடக்கத்தில் கான்டினென்டல் வந்தது. நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சம்பளத்தையும் வேலை விதிகளையும் குறைக்கச் சொன்னார், யூனியன்கள் ஒத்துக்கலை. 1983 ஆகஸ்டில் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினாங்க. செப்டம்பர் 24, சனிக்கிழமை, கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தது. கிட்டத்தட்ட 12,000 பேருக்கு வேலை போச்சு. மூணே நாள்ல விமானங்கள் மறுபடி பறந்தன, டிக்கெட் 49 டாலர்! திரும்ப எடுத்துக்கொண்டது சுமார் மூணுல ஒரு பங்கு ஆட்களை. பைலட்டுகளுக்குச் சம்பளம் ஏறக்குறைய பாதி, வேலை நேரம் அதிகம். அந்தப் புது ஏற்பாட்டுக்குக் கம்பெனி வெச்ச பேர் 'அவசரகால வேலை விதிகள்'. யூனியன் ஒப்பந்தங்கள் அன்றோடு செல்லாது.

நல்லா கவனிங்க. காலாவதியே ஆகாத ஒப்பந்தம்னு மேலே சொன்னேனே, அதைத் தொழில் சட்டத்தின் வழியா உடைக்க முடியாது. அதனால் லொரென்ஸோ வேற கதவு வழியா போனார், அதாவது திவால் சட்டம். நம்ம பாஷைல சொன்னா, ஒரு மாட்யூலோட பாதுகாப்பை இன்னொரு மாட்யூல் வழியா பைபாஸ் பண்ணிட்டார். அதை மூளைன்னு பாராட்டறவங்க இருக்காங்க. எனக்கு மனசு வரலை. பைலட்டுகள் அக்டோபர் 1ஆம் தேதி ஸ்ட்ரைக் ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல நடத்தினாங்க. ஒரு தரப்பு உள்ளே போய் வேலை பார்க்க, இன்னொரு தரப்பு வெளியே பதாகையோட நிற்க, பல வருஷப் பழக்கமெல்லாம் அதோட முறிஞ்சது.

1984 பிப்ரவரியில் பில்டிஸ்கோ என்ற கட்டடப் பொருள் கம்பெனியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், திவாலான கம்பெனி யூனியன் ஒப்பந்தத்தை நீதிமன்ற அனுமதி வாங்கறதுக்கு முன்பே கைவிடலாம் என்று சொல்லிவிட்டது. யூனியன்கள் நாடாளுமன்றத்துக்கு ஓடின. ஜூலையிலேயே திவால் சட்டத்தில் 1113 என்று ஒரு பிரிவு சேர்ந்தது. இனி கம்பெனி முதலில் கணக்குகளைக் காட்டி, யூனியனோடு நேர்மையாகப் பேசி, அப்புறம் நீதிபதியிடம் அனுமதி வாங்கித்தான் ஒப்பந்தத்தை உதற முடியும். ஓட்டையை அடைச்ச மாதிரிதான். ஆனா முழுசா அடைக்கலை, ஒரு கதவு வெச்சு அடைச்சாங்க. 2001 செப்டம்பருக்கு அப்புறம் யுனைடெட், யூஎஸ் ஏர்வேஸ், டெல்டா, நார்த்வெஸ்ட் என்று வரிசையா அந்தக் கதவைத் தட்டினாங்க.

அங்கே அவங்க கேட்ட முக்கியமான விஷயங்கள்ல ஒண்ணுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஷரத்து. 'ஸ்கோப்' என்று பேர். பைலட் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இதோடதான் ஆரம்பிக்கும். சாராம்சம்: இந்தக் கம்பெனி பெயரில் பறக்கும் விமானத்தை இந்தக் கம்பெனியின் சீனியாரிட்டி பட்டியலில் உள்ளவர்தான் ஓட்டணும். சின்ன ஊர்களுக்குப் பறக்க மட்டும் விதிவிலக்கு. அதை வெளிக் கம்பெனிகளுக்குக் காண்ட்ராக்ட் விடலாம். அங்கே பைலட்டுக்குச் சம்பளம் ரொம்பக் குறைவு, விமானத்தில் பெயிண்ட் மட்டும் பெரிய கம்பெனியோடது. நம்ம ஊர் காண்ட்ராக்ட் ஊழியர் கழுத்துல தொங்கற அடையாள அட்டை மாதிரி.

விதிவிலக்கு எவ்வளவு பெரிய விமானம் வரைக்கும்? சண்டையெல்லாம் அதுல தான். சின்ன ப்ரொப்பெல்லர் விமானங்கள் இருந்த காலத்துல யாரும் பெருசா கவலைப்படலை. 1990களில் 50 சீட் ஜெட் வந்ததும் பைலட்டுகள் முழிச்சுக்கிட்டாங்க. 50 என்ற கோடு வந்தது. திவால் கோர்ட்டுகளின் நிழலில் அது 70 ஆச்சு, அப்புறம் 76. கூடவே எடைக்கும் ஒரு வரம்பு: அதிகபட்சம் 86,000 பவுண்டு, ஏறக்குறைய 39 டன்.

கான்டினென்டல் மட்டும் 50ஐ விடலை. ஆனா அந்த வரம்பு ஜெட்டுக்குத்தான், ப்ரொப்பெல்லருக்கு இல்லை. அதனால் 74 சீட் கியூ400 ப்ரொப்பெல்லர் விமானங்களை கோல்கன் ஏர் என்ற சின்னக் கம்பெனி கான்டினென்டல் பெயரில் நியூவார்க்கிலிருந்து ஓட்டியது. 2009 பிப்ரவரி 12 இரவு அதில் ஒன்று பஃபலோ பக்கத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் ஒருவரும் இறந்துபோனார்கள்.

இங்கே நியாயமா எழுதணும். விபத்துக்கான காரணமாக விசாரணை சொன்னது, வேகம் குறைஞ்சதாக எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தப்பாக இயக்கியதை. ஒப்பந்தத்தின் மேல் பழி போடவில்லை. ஆனா அதே விசாரணையில் வெளியே வந்த மற்ற விவரங்கள்தான் நாட்டையே உலுக்கியது. துணை பைலட் சியாட்டிலில் இருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செஞ்சு நியூவார்க்குக்கு வந்திருந்தார். கேப்டன் முந்தின இரவை விமான நிலையத்து ஊழியர் அறையில் கழிச்சிருந்தார். களைப்பு இருந்திருக்கலாம், எவ்வளவு பாதிச்சது என்று அளக்க முடியாது என்றது அறிக்கை. கான்டினென்டல் என்று டிக்கெட்டில் படிச்ச பயணிக்கு இது எதுவும் தெரிஞ்சிருக்காது. 2010ல் சட்டம் வந்தது, 2014 ஜனவரியிலிருந்து புது ஓய்வு விதிகள். பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் தொந்தரவில்லாமல் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. மறுபடியும் எண்கள்.

ஸ்கோப் எண்கள் விமானம் செய்யறவங்களையும் விடலை. ஜப்பானின் மிட்சுபிஷி 2008ல் ஒரு புது ஜெட்டை ஆரம்பிச்சது. அது 86,000 பவுண்டைத் தாண்டிடுச்சு. எப்படியும் யூனியன்கள் இறங்கி வரும் என்று எதிர்பார்த்தாங்க. வரலை. வரம்புக்குள் அடங்கற மாதிரி இன்னொரு மாடல் வரைஞ்சாங்க, அதுவும் முடியலை. வேற பல தாமதங்களும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் திட்டத்தையே மூடிட்டாங்க. பிரேசிலின் எம்ப்ரயர் தன்னோட ஈ175-ஈ2வை 2022ல் நிறுத்தி வெச்சதுக்கும் இந்த எடை ஒரு முக்கியக் காரணம். புது எஞ்சின் எரிபொருள் மிச்சம் பண்ணும், ஆனா கனம். யுனைடெட் 2019ல் செஞ்சது இன்னும் விசேஷம். 70 சீட் சிஆர்ஜே700 விமானத்தில் 50 சீட் மட்டும் போட்டு, மிச்ச இடத்தில் பெட்டி வைக்க அலமாரியும் நொறுக்குத்தீனி மேடையும் வெச்சு, சிஆர்ஜே550 என்று பேரும் மாத்தினாங்க. கோடில் ஒரு கான்ஸ்டன்டை மாத்த அனுமதி கிடைக்காம சுத்தி சுத்தி எழுதின யாருக்கும் இந்த வலி புரியும் :-)

ராத்திரி உட்கார்ந்து எங்க ஷரத்தை மறுபடி படிச்சேன். 85, 50, 76, 86,000 என்று அவங்க ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு அடிச்சுக்கிட்டாங்க! எங்க பத்தியில ஒரு எண்கூட இல்லை. எத்தனை நாள் முன்னாடி சொல்வாங்க, மாசத்துக்கு எத்தனை தடவை மாத்துவாங்க, ரெண்டு ஷிஃப்டுக்கு நடுவுல எத்தனை மணி நேரம், எதுவும் கிடையாது. எங்களுக்கு யூனியனும் கிடையாது.

இந்த மூணு கேள்வியையும் எழுதி ஹெச்ஆருக்கு அனுப்பினேன். "உங்கள் கேள்வி உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்திருக்கு. நண்பன் சிரிக்கிறான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, கடைசி நாள். பட்டனை இன்னும் அமுக்கலை.