எடைக்கல்லும் எலியும்: தண்டுவடக் காயத்தை அளந்த கதை

எங்க சேத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் அதிகம். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனவர்களைப் பற்றிக் கேள்விப்படாத ஆள் இங்கே கிடையாது. இதே ரோட்டில் தெற்கே போனால் தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. அங்கே 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது 1975-ல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கழுத்தில் அடிபட்டவர். அன்றிலிருந்து கையும் காலும் செயல்படவில்லை.

இத்தனை வருஷமா ஆராய்ச்சி நடக்குதே, தண்டுவடத்தைச் சரிபண்ண ஏன் இன்னும் ஒரு மருந்து வரலை? இந்தக் கேள்வியோடுதான் பழைய கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். போய் நின்ற இடம், மருந்து அல்ல. அடியை உண்டாக்கும் கருவி.

மென்பொருள் வேலையில் ஒரு பிழையைத் திருத்தணும்னா முதலில் அதைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரவழைக்கத் தெரியணும். தண்டுவடக் காயத்திலும் அதே கதைதான். இரண்டாம் நூற்றாண்டிலேயே கேலன் விலங்குகளின் தண்டுவடத்தை வெவ்வேறு இடங்களில் வெட்டி, எந்த இடத்தில் வெட்டினால் எது போகிறது என்று பார்த்திருக்கிறார். ஆனால் மரத்திலிருந்து விழுகிறவருக்குத் தண்டுவடம் வெட்டுப்படுவதில்லை, நசுங்குகிறது. இந்த நசுங்கலை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் பிலடெல்பியா மருத்துவர் ஆல்ஃபிரட் ரெஜினால்ட் ஆலன். 1911-ல் அவர் நாய்களின் முதுகெலும்பைத் திறந்து, ஒரு குழாய் வழியாகத் தெரிந்த எடையைத் தெரிந்த உயரத்திலிருந்து தண்டுவடத்தின் மேல் விழவிட்டார். (நாய் என்றாலே உலகுக்கு ஞாபகம் வரும் ராஜபாளையத்துக்காரனுக்கு இதைப் படிக்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.)

அவர் கண்டது முக்கியமானது. அடிபட்ட கொஞ்ச நேரத்தில் தண்டுவடத்தைக் கீறி, உள்ளே தேங்கிய ரத்தத்தையும் நீரையும் வெளியேற்றிய நாய்கள் ஓரளவு தேறின. அப்படியென்றால் அடி மட்டும் கெடுதல் செய்வதில்லை, அதற்குப் பிறகு உள்ளே நடப்பதும் சேர்ந்து கெடுக்கிறது. இன்று ‘இரண்டாம் கட்டச் சேதம்’ என்று பேசப்படும் கருத்தின் வேர் இது. மருந்து தேடுகிற எல்லோரும் இந்த இடைவெளியைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆலன் முதல் உலகப்போரில், 1918-ல் பிரான்சில் இறந்துபோனார்.

அவருடைய அளவீட்டில் ஒரு ஓட்டை இருந்தது. எடையையும் உயரத்தையும் பெருக்கி ‘கிராம்-சென்டிமீட்டர்’ என்று அடியைக் குறித்தார். 10 கிராமை 40 செ.மீ. உயரத்திலிருந்து போட்டாலும் 400, 40 கிராமை 10 செ.மீ.யிலிருந்து போட்டாலும் 400. ஆனால் பிளஸ் டூ இயற்பியல் போதும்: முதலாவது விநாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் வந்து மோதும், இரண்டாவது பாதி வேகத்தில். 1970-களில் டோர்மனும் பஞ்சாபியும் சோதித்தபோது, ஒரே பெருக்குத்தொகைக்கு வெவ்வேறு அளவு காயம் வந்தது. அறுபது வருஷத்துக்கும் மேல் ஆய்வாளர்கள் புழங்கிய ஒரு எண் இது!

பிறகு நாயும் பூனையும் குறைந்து எலி வந்தது. விலை, வசதி ஒரு பக்கம். சட்டமும் ஒரு பக்கம். நம் நாட்டில், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா வழிவகுத்த 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், எலி, முயல் போன்ற சிறு விலங்கில் முடியும் சோதனைக்குப் பெரிய விலங்கு வேண்டாம் என்கிறது.

1992-ல் நியூயார்க்கில் ஜான் க்ரூனர் 10 கிராம் தண்டு ஒன்று விழும் பாதையைக் கணினியில் பதிவு செய்யும் கருவியை விவரித்தார். வழக்கமான உயரங்கள் 6.25, 12.5, 25, 50 மில்லிமீட்டர். 1995-ல் பாஸோ, பீட்டி, பிரஸ்னஹன் மூவரும் எலியின் பின்னங்கால் நடைக்கு 0 முதல் 21 வரை மதிப்பெண் போடும் முறையைத் தந்தார்கள். பிழையை வரவழைக்கவும் திருத்தத்தைச் சோதிக்கவும் ஒருவழியாக ஒரு பொது முறை கிடைத்தது.

ஆனால் எலி மனிதன் இல்லையே. நம் அசைவைக் கட்டுப்படுத்தும் முக்கிய நரம்புப் பாதை தண்டுவடத்தின் பக்கவாட்டில் ஓடுகிறது; எலிக்கு அது பெரும்பாலும் முதுகுப்புறத்தில். அந்தப் பாதை அறுந்தாலும் எலி ஓரளவு நடந்துவிடும். தவிர, ஆய்வுக்கூடத்தில் எலும்பை முன்கூட்டியே திறந்துவிட்டு அடிக்கிறார்கள். மனிதருக்கு நொறுங்கிய எலும்பே தண்டுவடத்தை அமுக்கிக்கொண்டு கிடக்கும். மெத்தில்பிரட்னிசோலோன் கதை தெரிந்ததுதான். பூனைகளில் நல்ல பலன், 1990-ல் மனித ஆய்வில் பெரிய நம்பிக்கை, 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் “பரிந்துரைக்கவில்லை” என்றது.

என்னை உறுத்துவது இதைவிட அந்த 21 மதிப்பெண். 2004-ல், தானும் தண்டுவடக் காயம் பட்டவரான கிம் ஆண்டர்சன் 681 பேரிடம் “எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை அதிகம் மாறும்?” என்று கேட்டு எழுதினார். கழுத்தில் அடிபட்டவர்கள் முதலில் கேட்டது கை. முதுகில் அடிபட்டவர்களுக்கு முதலிடத்தில் பாலுறவு. சிறுநீர், மலக் கட்டுப்பாடு இரு தரப்புக்கும் முக்கியம். நடை இரு பட்டியலிலும் முதலிடத்தில் இல்லை. எலியின் பின்னங்காலை எண்ணுவது சுலபம், அதனால் எண்ணினோம். அதே எலிகளுக்குத் தினமும் கையால் வயிற்றை அமுக்கிச் சிறுநீர் வெளியேற்றிவிடுகிறார்கள் ஆய்வு மாணவர்கள். மதிப்பெண்ணில் அதற்கு இடமில்லை.

2012-ல் கேம்பிரிட்ஜில் ஃபிராங்ளினும் ஜெஃப்ரியும் வெளியிட்ட ஆய்வில் மறுபடி நாய் வந்தது. இம்முறை யாரும் அடிக்கவில்லை. ஏற்கெனவே முடங்கிப்போன 34 வளர்ப்பு நாய்களைச் சொந்தக்காரர்களே கூட்டி வந்தார்கள். மூக்கிலிருந்து எடுத்த செல்களைச் செலுத்தியதில் முன்காலும் பின்காலும் ஒத்து நடப்பது கூடியது. சிறுநீர்க் கட்டுப்பாடு தேறவில்லை. அவர்கள் அதையும் அளந்து எழுதியிருக்கிறார்கள்.