கரையோர ஈரநில மீட்டெடுப்பில் மக்கள் பங்கேற்பு

கரையோர ஈரநில மீட்டெடுப்பில் மக்கள் பங்கேற்பு என்பது, சிதைந்துபோன அலையாத்திக் காடுகள், கழிமுகங்கள், காயல்கள், உவர்ச் சதுப்புகள் முதலியவற்றை மீட்கும் திட்டங்களை வகுக்கும்போதே, அவற்றைச் சார்ந்து வாழும் மக்களையும் முடிவெடுப்பவர்களாகச் சேர்த்துக்கொள்ளும் அணுகுமுறை ஆகும். திட்டம் முடிவான பின்னர் மக்களைக் கூலிக்கு அமர்த்துவதும், விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதும் மட்டும் பங்கேற்பு எனக் கொள்ளப்படுவதில்லை. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தின் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் 1990களில் மேற்கொள்ளப்பட்ட மீட்டெடுப்பு இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

பங்கேற்பு என்னும் சொல் பல பொருள்களில் ஆளப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் செர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வெளியிட்ட கட்டுரையில் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழ்ப்படிகளில் மக்களுக்குச் செய்தி சொல்லப்படும் அல்லது கருத்துக் கேட்கப்படும். முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் வருவது மேற்படிகளில் மட்டுமே.

ஈரநிலங்களைப் பொறுத்தவரை, 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ராம்சர் ஒப்பந்தம் முதன்மையானது. இந்தியா 1982இல் இதில் இணைந்தது. 1999இல் கோசுட்டா ரிக்காவின் சான் ஒசே நகரில் கூடிய இதன் ஏழாவது மாநாடு, ஈரநில மேலாண்மையில் உள்ளூர் மக்களையும் பழங்குடிகளையும் ஈடுபடுத்துவதற்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 2002இல் எசுப்பானியாவின் வலென்சியாவில் கூடிய எட்டாவது மாநாடு ஈரநில மீட்டெடுப்பிற்கான கொள்கைகளை ஏற்றது.

இந்தியாவில் காடுகளைப் பொறுத்தவரை இதற்கான வாயில் சற்று முன்னரே திறந்தது. 1990 சூன் 1 அன்று நடுவண் அரசு வெளியிட்ட சுற்றறிக்கை, சிதைந்த காடுகளை மீட்பதில் கிராம மக்களுடன் வனத்துறை கூட்டாகச் செயல்பட வழிவகுத்தது. இது கூட்டு வன மேலாண்மை எனப்பட்டது. பிச்சாவரத்தில் நிகழ்ந்தது இம்முறையைக் கடற்கரைக்கு ஏற்ப மாற்றியமைக்கும் முயற்சி ஆகும்.

பிச்சாவரம் மீட்டெடுப்பு

பிச்சாவரம், சிதம்பரத்திற்குக் கிழக்கே வடக்கில் வெள்ளாற்றுக் கழிமுகத்திற்கும் தெற்கில் கொள்ளிடக் கழிமுகத்திற்கும் இடையே அமைந்துள்ளது. வெண்கண்டல், சுரபுன்னை, தில்லை ஆகியன இங்குள்ள மரங்களுட் சில. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை இம்மரத்தின் பெயரே ஆகும்.

சிதைவின் காரணம்

காடு அழிந்ததற்கு மக்கள் விறகு வெட்டுவதும் கால்நடை மேய்ப்பதுமே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் தமிழ்நாடு வனத்துறையுடன் இணைந்து நடத்திய ஆய்வுகள் வேறொரு காரணத்தை முன்வைத்தன. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து முற்றாக வெட்டும் வழக்கம் இருந்தது. மரம் இழந்த சதுப்பு மண் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து, தொட்டி போன்ற பள்ளமாயிற்று. ஓதத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியானது. மண்ணில் உப்பு மிகுந்து, புதிய நாற்று எதுவும் வேர்பிடிக்க முடியாத நிலை உருவாயிற்று.

இம்முடிவு தொழில்நுட்ப அளவில் மட்டும் முக்கியமானதன்று. மக்களே அழித்தவர்கள் என்றால் அதற்கான தீர்வு வேலி போடுவதும் தண்டம் விதிப்பதும் ஆகும். நீரோட்டம் தடைப்பட்டதே அடிப்படைக் காரணம் என்றால் தீர்வு வாய்க்கால் வெட்டுவது ஆகும். அதற்கு ஊராரின் உழைப்பும் இட அறிவும் தேவை. நோயைச் சரியாகக் கண்டறிந்ததே மக்களைக் குற்றவாளி நிலையிலிருந்து கூட்டாளி நிலைக்குக் கொண்டுவந்தது எனலாம்.

திட்டமிடலின் படிகள்

இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியுடன் 1990களின் பிற்பகுதியில் இப்பணி விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பிச்சாவரத்துடன் முத்துப்பேட்டையிலும், ஆந்திரப் பிரதேசம், ஒரிசா (இன்றைய ஒடிசா) ஆகிய மாநிலங்களிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. பொதுவாகப் படிகள் பின்வருமாறு அமைந்தன:

1. ஊர் அறிதல்: ஊராருடன் சேர்ந்து ஊரின் வரைபடம், வளங்கள், பிழைப்பு முறைகள், காட்டைச் சார்ந்திருக்கும் அளவு ஆகியவற்றைப் பதிவு செய்தல்.
2. நம்பிக்கை பெறுதல்: காட்டைப் பற்றிப் பேசும் முன், குடிநீர், பாதை போன்று ஊரார் முதன்மையாகக் கருதும் ஒரு தேவையை நிறைவேற்ற உதவுதல்.
3. அமைப்பு உருவாக்கம்: ஆண், பெண் இருபாலரும் இடம்பெறும் பொதுக்குழுவும், அது தெரிந்தெடுக்கும் செயற்குழுவும் கொண்ட கிராம அலையாத்தி மன்றத்தைத் தோற்றுவித்தல்.
4. நுண்திட்டம்: எந்த இடத்தை மீட்பது, எங்கே மேய்ச்சலை நிறுத்துவது, மாற்று வாழ்வாதாரம் யாருக்குத் தேவை, செலவை எவர் ஏற்பது என்பவற்றை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து எழுதி வைத்தல்.
5. செயலாக்கமும் கண்காணிப்பும்: பணியை ஊர், வனத்துறை, நிறுவனம் ஆகிய மூன்றும் பகிர்ந்து செய்து, ஆண்டுதோறும் மீளாய்வு செய்தல்.

மீன்முள் வாய்க்கால்

இயற்கையான ஓடையிலிருந்து ஒரு முதன்மை வாய்க்காலும், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. மேலிருந்து பார்க்கையில் மீனின் முள்ளைப் போலத் தோன்றுவதால் இம்முறை மீன்முள் வாய்க்கால் முறை எனப்பட்டது. இவ்வாய்க்கால்கள் வழியாக ஓதநீர் வந்து திரும்பியபோது தேங்கிய உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் கரைகளில் உப்பைத் தாங்கும் வெண்கண்டல் பெருமளவில் நடப்பட்டது. முத்துப்பேட்டையில் மீன்பிடிப்பதற்காகக் காட்டினுள் வாய்க்கால் வெட்டும் வழக்கம் மீனவரிடையே முன்பே இருந்தது குறிப்பிடத்தக்கது. ஓதநீரின் போக்கை அறிந்தவர்கள் அங்கே ஏற்கனவே இருந்தனர்.

விளைவு

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்யப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, பிச்சாவரத்தின் அலையாத்திப் பரப்பு அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு கூடியதாகத் தெரிவித்தது. 2022 சூலையில் பிச்சாவரம் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது.

சமூகம் என்பது யார்?

ஊர் என்று சொல்லும்போது எல்லாக் குடும்பங்களும் ஒரே நிலையில் இருப்பதில்லை. கிள்ளை அருகிலுள்ள எம். சி. ஆர். நகரில் வாழும் இருளர் பழங்குடியினர், படகோ வலையோ இன்றிக் கழியில் இறங்கிக் கையால் தடவி இறாலும் மீனும் பிடித்து வாழ்ந்தவர்கள். கரையோர மீனவ ஊர்களுக்கு வலுவான ஊர்ப் பஞ்சாயத்துகள் உண்டு. இருளருக்கோ, தாங்கள் பழங்குடியினர் என நிறுவும் சாதிச் சான்றிதழ் பெறுவதே பெரும்பாடாக இருந்தது. பொதுக்கூட்டம் கூட்டினால் பேசுபவர் யார், பின்வரிசையில் நிற்பவர் யார் என்பது முன்பே முடிவாகிவிட்ட ஒன்றாகும்.

இதனால் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியவை:

- காட்டை மிகுதியாகச் சார்ந்திருப்போரே பெரும்பாலும் மிகக் குறைவான அதிகாரம் உடையோர். அவர்களுடன் தனியே பேசுதல் வேண்டும்.
- விறகு, நண்டு, இறால் ஆகியவற்றைச் சேகரிப்போரில் பெண்கள் மிகுதி. குடும்பத்திற்கு ஓர் உறுப்பினர் என்று வைத்தால் அவர்கள் விடுபட்டுப் போவர்.
- ஓரிடத்தில் மேய்ச்சலையோ மீன்பிடிப்பையோ நிறுத்தினால் இழப்பு யாருக்கு என்பதை முன்னரே கணக்கிட வேண்டும்.

ஆழிப்பேரலையும் அதன் பின்னரும்

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது பிச்சாவரம் காட்டிற்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. கடலூர்க் கடற்கரையை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வுகள் இதற்கு அலையாத்தி மரங்களே காரணம் என்றன. எனினும், 2006இல் வெளியான மறு ஆய்வு, கடலிலிருந்து ஊர் இருக்கும் தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரும்பங்கு வகித்தன என வாதிட்டது. இவ்விவாதம் எவ்வாறாயினும், அலையாத்தி நடவுக்கு அதன் பின்னர்ப் பெரும் நிதி கிடைத்தது.

நிதி மட்டும் போதாது என்பதை இலங்கை அனுபவம் காட்டுகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் அங்கு நடவு செய்யப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. 3 இடங்களில் மட்டுமே பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்தன. பொருந்தாத மட்டத்தில் நட்டதும், நட்டபின் பேணாததும் காரணங்களுட் சில. எந்த இடத்தில் நீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை அன்றாடம் காண்பவர்கள் அங்கே வாழ்பவர்களே.

மேல்நிலப் பகுதிகளும் கொங்கு நாடும்

கழிமுகத்தின் உப்புத்தன்மையைக் கடல் மட்டும் முடிவு செய்வதில்லை. ஆற்றில் வரும் நன்னீரும் முடிவு செய்கிறது. பிச்சாவரத்திற்கு நன்னீர் தரும் இரு ஆறுகளும் மேற்கே கொங்கு மண்டலத்துடன் தொடர்புடையவை. வெள்ளாற்றின் துணையாறான வசிட்ட நதி சேலம் மாவட்டத்தில் ஆத்தூர் வழியாகப் பாய்கிறது. கொள்ளிடம் காவிரியின் கிளையாகும். பவானி, நொய்யல், அமராவதி ஆகிய கொங்கு நாட்டு ஆறுகள் காவிரியில் கலக்கின்றன. மேட்டூர் அணை (1934), பவானிசாகர் அணை (1955) முதலியவை கட்டப்பட்ட பின், கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ளக் காலத்தில் மட்டுமே நீர் காணும் ஆறாகிவிட்டது.

கடலில் கலக்கும் நீர் வீண் என்பது உழவரிடையே பரவலாக உள்ள கருத்து. வானம் பார்த்த பூமியில் இக்கருத்து எழுவது இயல்பே. 2024 ஆகத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், பவானி ஆற்றின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து எடுத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் நோக்கமுடையது. பல பத்தாண்டுகள் மக்கள் போராடிப் பெற்ற திட்டம் இது. ஆற்றின் ஒட்டுமொத்த வெள்ளத்தோடு ஒப்பிட இதில் எடுக்கப்படும் நீர் சிறிதளவே. ஆயினும், மேற்கே உபரி எனப்படும் நீர், கழிமுகத்தில் இறாலுக்கும் வெண்கண்டலுக்கும் அன்றாடத் தேவையாக உள்ளது. ஆகவே கழிமுக மீட்டெடுப்பில் சமூகம் என்பதைக் கரையோர ஊர்களோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்ற வினா எழுகிறது. ஆற்றுப்படுகையின் இரு முனையினரும் ஒரே அவையில் அமர்ந்து நீர்ப் பங்கீட்டைப் பேசுவதற்கான அமைப்பு தேவை என்பது இதிலிருந்து பெறப்படும் கருத்தாகும்.

திருப்பூரின் நஞ்சராயன் குளமும், விழுப்புரம் மாவட்டக் கடற்கரையை ஒட்டிய கழுவேலி ஈரநிலமும் 2024 ஆகத்தில் ராம்சர் தளங்களாக ஒருசேர அறிவிக்கப்பட்டன.

சட்டங்கள்

- வன உரிமைச் சட்டம், 2006: மீன் உள்ளிட்ட நீர்நிலை வளங்களைப் பயன்படுத்தும் உரிமையைப் பழங்குடியினருக்கும் பிற மரபுவழி வனவாசிகளுக்கும் அளிக்கிறது.
- கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை: 1991இல் முதலில் வெளியானது, 2011, 2019 ஆண்டுகளில் புதிய அறிவிக்கைகள் வந்தன. அலையாத்திக் காடுகள் மிகுந்த பாதுகாப்புடைய முதல் வகையில் அடங்கும்.
- ஈரநிலங்கள் (பாதுகாப்பு, மேலாண்மை) விதிகள், 2017: மாநில ஈரநில ஆணையங்களுக்கு வழிசெய்கிறது.

குறைபாடுகள்

பங்கேற்பு முறைக்குக் காலம் மிகுதியாகத் தேவை. நிதியாண்டுக்குள் இத்தனை எக்டேர் நடவு என இலக்கு வைக்கும் திட்டங்களில் முதலில் கைவிடப்படுவது ஊர்க்கூட்டமே. மேலும், மீன்முள் வாய்க்கால்கள் சில ஆண்டுகளில் வண்டலால் தூர்ந்துவிடும். தூர் வாராவிடில் நீர் மீண்டும் தேங்கி, பழைய நிலை திரும்பும். வெளியிலிருந்து வரும் நிதி நின்றபின் தூர் வாருவது யார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை நுண்திட்டத்திலேயே எழுதிவைப்பது இன்றியமையாதது. காப்பது ஊராரின் கடமை எனவும், அதன் பயன் குறித்த முடிவு அரசின் உரிமை எனவும் பிரித்து வைக்கும் ஏற்பாடு நீடிப்பதில்லை.

இவற்றையும் பார்க்க

- பிச்சாவரம்
- முத்துப்பேட்டை அலையாத்திக் காடு
- ராம்சர் ஒப்பந்தம்
- இருளர்
- கொள்ளிடம்
- நஞ்சராயன் குளம்